கணக்குக் கேட்கும் நாளும் கணக்கு எழுதும் நாளும்

பல் மருத்துவமனை நடத்தும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் கடன், வட்டி, புதிய நாற்காலிக்கான தவணை ஆகியவற்றைப் பற்றியவை. அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது: "காப்பீட்டுத் தணிக்கை வருமாமே, அதற்கு என்ன செய்ய வேண்டும்?" இக்கேள்வி பெரும்பாலும் கடிதம் கைக்கு வந்த பின்னரே எழுகிறது என்பதுதான் நம் கவலை. தணிக்கைக்கான ஆயத்தம் நோயாளி நாற்காலியில் அமரும் வேளையிலேயே தொடங்கிவிட வேண்டும். கடிதம் வந்த பின் செய்யத்தக்கது மிகச் சொற்பம். அதற்கு முன் செய்யத்தக்கது மிகப் பலவாகும்.

இதனை நாயுடுபேட்டை போன்ற ஓர் ஊரை மனத்திற்கொண்டு பேசுவது பொருத்தம். சென்னையையும் நெல்லூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில், திருப்பதிக்குச் செல்லும் சாலை பிரியுமிடத்தில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் அது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. அருகே தொழிற்பேட்டை, அதில் பணிபுரியும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளர்கள். ஊருக்குள் அரசு ஊழியர், ஓய்வூதியர், முன்னாள் படைவீரர். சுற்றிலும் உழவர் குடும்பங்கள். இவர்களுள் பலருடைய மருத்துவச் செலவை, முழுமையாகவோ பகுதியாகவோ, வேறொருவர் ஏற்கிறார்: மாநில அரசின் திட்டம், ஈ.எஸ்.ஐ. கழகம், முன்னாள் படைவீரர் நலத்திட்டம் அல்லது தனியார் காப்பீட்டு நிறுவனம். பணம் தருபவரும் சிகிச்சை பெறுபவரும் வேறு வேறானவராகும்போது, "இது உண்மையில் நடந்ததா?" என்று கேட்கும் உரிமை பணம் தருபவருக்கு வந்துவிடுகிறது. அக்கேள்வியின் முறைப்படியான வடிவமே தணிக்கை.

சிறு பிழை பெருங்குற்றமாகத் தோன்றும் விதம்

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, ஆயுஷ்மான் பாரத் திட்டம் குறித்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை பலருக்கு நினைவிருக்கலாம். சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில், அதுவும் பத்து ஒன்பதுகள் கொண்ட எண்ணில், பதிவாகியிருந்ததை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் பின்னரும் சிகிச்சைத் தொகை வழங்கப்பட்டிருந்தது. ஒரே நோயாளி ஒரே காலத்தில் இரு மருத்துவமனைகளில் உள்நோயாளியாக இருந்ததாகவும் பதிவுகள் காட்டின.

அரசுத் தரப்பும் விளக்கம் அளித்தது. பயனாளியை உறுதிசெய்வதில் கைபேசி எண்ணுக்குப் பங்கில்லை என்றது. ஓர் இடத்தில் பிறந்த குழந்தை வேறிடத்தில் சிகிச்சை பெறும்போது தாயின் அட்டை பயன்படுவதால் இரட்டைப் பதிவு நேரக்கூடும் என்றது. இவ்விளக்கங்கள் எவ்வளவு பொருந்தும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்கான பாடம் வேறொன்று. எண் தெரியாத இடத்தில் ஒன்பதுகளை நிரப்பிய கை, பெரும்பாலும் அவசரத்தில் இருந்த ஓர் எழுத்தரின் கையாகவே இருந்திருக்கும். ஆனால் ஆவணத்தில் அவசரத்திற்கும் மோசடிக்கும் ஒரே முகம்தான். அலட்சியமாக நிரப்பப்பட்ட ஒரு கட்டம், நேர்மையாகச் செய்த சிகிச்சையையும் ஐயத்துக்குள்ளாக்கிவிடும்.

பிற நாடுகளிலும் பல் மருத்துவம் இத்தணிக்கைகளின் தனிக் கவனத்தைப் பெற்றுள்ளது. ஏழைக் குழந்தைகளுக்குத் தேவையற்ற பல் உறைகளும் நரம்புச் சிகிச்சைகளும் செய்து அரசிடம் கட்டணம் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டில், அமெரிக்காவின் ஃபோர்பா நிறுவனம் 2010 ஜனவரியில் 2.4 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. சிங்கப்பூரில் சாஸ் எனப்படும் அரசு மானியத் திட்டத்தின் கீழ்ப் பொருந்தாத கோரிக்கைகளை அனுப்பிய பல் மருத்துவ நிலையங்கள் திட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டன. சில வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. உடலின் பிற உறுப்புகளைவிடப் பல்லில் கணக்கு எளிது என்பதே இக்கவனத்திற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். முப்பத்திரண்டு பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எடுத்த பல் மீண்டும் வராது. பொருந்தாதது உடனே புலப்பட்டுவிடும்.

தணிக்கையாளர் எதைப் பார்க்கிறார்?

அவர் தேடும் தவறுகளை ஐந்தாகச் சுருக்கிச் சொல்லலாம். செய்யாத சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பது ஒன்று. எளிய சிகிச்சையைச் செய்துவிட்டுப் பெரிய சிகிச்சையாகக் காட்டுவது இரண்டு. ஒரே தொகுப்பில் அடங்கிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை கேட்பது மூன்று. தேவையே இல்லாத சிகிச்சையைச் செய்வது நான்கு. திட்டத்திடமும் நோயாளியிடமும் ஒரே வேலைக்கு இருமுறை பணம் பெறுவது ஐந்து.

இவற்றைக் கண்டறிய அவர் கையாளும் வழிகள் எளியவை. பல் மருத்துவத்தில் உலகெங்கும் வழங்கும் ஈரிலக்க எண் முறையில் 46 என்பது கீழ்த்தாடையின் வலப்புற முதற் கடைவாய்ப்பல். 36 என்பது இடப்புறத்தது. மார்ச் மாதம் 46 பிடுங்கப்பட்டதாகக் கோரிக்கை சென்றிருக்க, ஜூலையில் அதே நோயாளியின் 46-க்கு வேர்க்குழாய்ச் சிகிச்சை என்று இன்னொரு கோரிக்கை சென்றால் கணினியே அதனைத் தடுத்துவிடும். ஐந்து வயதுக் குழந்தையின் பெயரில் 37 என்ற எண் வந்தாலும் அவ்வாறே. அந்தப் பல் ஏறக்குறைய பன்னிரண்டு வயதில்தான் முளைக்கும். இத்தகையவற்றுள் பெரும்பாலானவை 36-க்கு 46 என்றோ 75-க்கு 37 என்றோ எழுதிவிட்ட கைத்தவறுகளாக இருக்கலாம். ஆயினும் விளக்கும் பொறுப்பு மருத்துவமனையையே சேரும்.

அடுத்து, ஆவணங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்ப்பார். வேர்க்குழாய்ச் சிகிச்சை என்றால் தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே, வேரின் நீளம் அளந்த குறிப்பு, நிரப்பிய பின் எடுத்த எக்ஸ்ரே ஆகியவை வரிசையாக இருக்க வேண்டும். பல் உறை பொருத்தியிருந்தால் அதனைச் செய்துதந்த பல் ஆய்வகத்தின் பட்டியலில் அதே நோயாளியும் அதே பல் எண்ணும் இருக்க வேண்டும். ஞானப்பல்லை அறுவை முறையில் எடுத்ததாகக் கோரினால், அது எலும்பில் புதைந்திருந்ததை எக்ஸ்ரே காட்ட வேண்டும். எலும்பை நீக்கியதும் தையல் இட்டதும் குறிப்பில் இருக்க வேண்டும். "பல் எடுக்கப்பட்டது" என்ற இரு சொற்கள் மட்டும் இருந்தால், மருத்துவர் ஒன்றரை மணி நேரம் உழைத்திருந்தாலும் எளிய பிடுங்கலுக்கான தொகையே கிட்டும்.

சிறு நகரங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நெல்லூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ சிறப்பு மருத்துவர் வாரம் ஒருநாள் வந்து கடினமான சிகிச்சைகளைச் செய்துவிட்டுப் போவார். கோரிக்கையில் மருத்துவமனை உரிமையாளரின் பெயரே மருத்துவர் இடத்தில் அச்சாகியிருக்கும். ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் தணிக்கையாளர் கேட்கும்போது, அந்த நாளில் உரிமையாளர் வெளியூரில் இருந்தது தெரியவரலாம். சிகிச்சை உண்மை, செய்தவர் தகுதியுள்ளவர், நோயாளிக்கும் குறையில்லை. எனினும் பதிவு பொய் சொல்கிறது. செய்தவரின் பெயரும் பதிவெண்ணும் அன்றைய குறிப்பிலேயே இடம்பெற வேண்டும். அவருக்கான ஊதியமும் வங்கி வழியே, உரிய வரிப் பிடித்தத்துடன் செல்ல வேண்டும். அப்போது வங்கி அறிக்கையே அவர் வந்ததற்குச் சான்றாகும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

தணிக்கைக்கென்று தனியே கோப்பு தயாரிப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. அன்றாடக் கோப்பே தணிக்கைக் கோப்பாக இருக்கட்டும்.

முதலாவது, அன்றைய குறிப்பு அன்றே எழுதப்பட வேண்டும். நோயாளி சொன்ன குறை, கண்டறிந்தது, செய்தது, பல் எண், கொடுத்த மரப்பு மருந்து, அடுத்து வர வேண்டிய நாள், மருத்துவரின் ஒப்பம் ஆகிய ஏழும் இருந்தால் போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஒட்டும் வழக்கம் மென்பொருள் வந்தபின் பெருகியுள்ளது. இருநூறு நோயாளிகளுக்கும் ஒரே வலி, ஒரே வாசகம் என்றால் எந்தத் தணிக்கையாளர் நம்புவார்?

இரண்டாவது, ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நாயுடுபேட்டையில் தெலுங்கு முதன்மை. எல்லைப் பகுதியாதலால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் வருவர். ஆங்கிலப் படிவத்தில் வைத்த கைநாட்டு ஒப்புதல் ஆகாது.

மூன்றாவது, எக்ஸ்ரே கருவியோடு இணைந்த கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். தேதி பிசகிய கணினி, சிகிச்சைக்குப் பின் எடுத்த படத்தை அதற்கு முந்தைய ஆண்டினதாகக் காட்டிவிடும். படங்களின் நகல் இன்னொரு கருவியிலும் பாதுகாக்கப்பட வேண்டும்.

நான்காவது, உரிமங்கள். ஆந்திரத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மருத்துவ நிலையப் பதிவு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் எக்ஸ்ரே கருவிப் பதிவு, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உயிரி மருத்துவக் கழிவு அகற்றும் ஒப்பந்தம் ஆகியவற்றின் காலாவதி நாள்களை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். உரிமம் காலாவதியான இடைவெளியில் செய்த சிகிச்சைக்கான தொகையும் கேள்விக்குள்ளாகக்கூடும்.

ஐந்தாவது, மாதம் ஒருமுறை தற்சோதனை. ஏதேனும் பத்துக் கோப்புகளை எடுத்து, சந்திப்புப் பதிவேடு, சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஆய்வகப் பட்டியல், கோரிக்கை, வங்கியில் வந்த தொகை ஆகிய ஆறும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கோரிக்கையை அனுப்பியவரே அதனைச் சோதிக்கக் கூடாது. கூடுதலாகப் பெற்ற தொகை தெரியவந்தால், பிறர் கேட்குமுன் எழுத்து மூலம் தெரிவித்துத் திருப்பித் தருவதே நன்று. தானாக முன்வந்து திருத்திய பிழையும் பிடிபட்ட பிழையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை.

வங்கிக் கணக்கும் ஒரு சாட்சி

இவ்விடத்தில் நம் துறையைப் பற்றியும் சில சொற்கள். மருத்துவமனையின் வரவு செலவுக்குத் தனி நடப்புக் கணக்கு இன்றியமையாதது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் ஒரே கணக்கில் கலந்திருந்தால், எந்தத் தொகை எந்தக் கோரிக்கைக்கு உரியது என்று உரிமையாளருக்கே தெரியாது. மேசைமேல் வைக்கும் யுபிஐ குறியீட்டு அட்டையும் அந்த நடப்புக் கணக்குக்கே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வரவேற்பாளரின் சொந்தக் கைபேசிக்குப் பணம் செல்லும் ஏற்பாடு எவ்வளவு வசதியாயினும் தவிர்க்கத்தக்கது.

வரிப் பிடித்தத்தைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. காப்பீட்டு நிறுவனம் ரூ. 10,000 கோரிக்கையை ஏற்று, 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு ரூ. 9,000 அனுப்புகிறது. கணக்கர் வந்த தொகையை மட்டும் பார்த்து வருமானம் ரூ. 9,000 என்று எழுதிவிடுகிறார். வருமான வரித் துறையின் பதிவிலோ ரூ. 10,000 இருக்கும். ஆண்டு முழுதும் இவ்வாறு நடந்தால், இல்லாத ஒரு மறைப்பு இருப்பதுபோல் தோன்றும். ஒவ்வொரு வரவையும் அதற்குரிய தீர்வுக் கடிதத்தோடும், காலாண்டுக்கு ஒருமுறை வரிப் பிடித்தப் பதிவோடும் ஒப்பிடுவது இதனைத் தடுக்கும்.

மருத்துவத் தொழில் செய்வோர் நாள்தோறும் நோயாளி, சேவை, பெற்ற கட்டணம் ஆகியவற்றை எழுத வேண்டிய 3சி என்ற படிவம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் விதிகளிலேயே உள்ளது. மருந்து, பொருள் இருப்பையும் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கணக்கிட வேண்டும் என்பது அவ்விதி. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பெறுவதால், இனிப் பொருந்தும் படிவ எண்களைத் தம் பட்டயக் கணக்காளரிடம் கேட்டறிவது நலம். ஜிஎஸ்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. நோய் தீர்க்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சை அவ்விலக்குக்குள் அடங்காது. பற்களை வெண்மையாக்கும் கட்டணத்தைச் சொத்தை அடைத்த கட்டணத்தோடு கலந்து ஒரே வரியில் எழுதுவது பின்னர் இடரைத் தரும்.

கடிதம் வந்துவிட்டால்

என்ன கேட்கப்பட்டுள்ளது, எந்தக் காலத்துக்கு, எந்த நாளுக்குள் என்பவற்றை முதலில் தெளிவாகப் படிக்க வேண்டும். ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, கேட்ட கோப்புகளை எண்ணிட்ட பட்டியலுடன் நகலாகத் தந்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவிற்கொண்டு, அதிகாரம் பெற்றவருக்கு மட்டும், கேட்டவற்றை மட்டும் தருதல் வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. பழைய குறிப்பில் புதிய வரிகளைச் சேர்ப்பதுதான் அது. விடுபட்டதை எழுதியே ஆக வேண்டுமானால், இன்றைய தேதியிட்டு, "பின்னர்ச் சேர்த்த குறிப்பு" என்று தலைப்பிட்டு எழுதலாம். விடுபட்ட குறிப்பு ஒரு கோரிக்கையை இழக்கச் செய்யும். திருத்திய குறிப்பு மருத்துவரின் பெயரையே இழக்கச் செய்யும். நோயாளிகளை அழைத்து, "இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்று பழக்குவதும் இவ்வகையில் சேர்ந்ததே.

தணிக்கை செய்வோரின் கடமை

இவ்வளவையும் மருத்துவரிடம் எதிர்பார்க்கும் நாம், மறுபக்கத்தையும் பேசாவிட்டால் நடுநிலை ஆகாது. 2025 அக்டோபரில் ஆந்திரத்தின் தனியார் மருத்துவமனைகள் நிலுவைத் தொகையைக் கோரி, மாநில அரசின் மருத்துவத் திட்டச் சேவைகளை நிறுத்திவைத்தன. வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வராதபோது, ஊதியத்துக்கும் தவணைக்கும் உரிமையாளர் கடன் வாங்குகிறார். அந்த நெருக்கடியை வங்கிகள் நேரில் அறியும். கணக்குக் கேட்பதில் காட்டும் விரைவைக் கணக்குத் தீர்ப்பதிலும் காட்டுவதே முறை. நிராகரிக்கும்போது காரணம் தெளிவாக எழுதப்பட வேண்டும். எழுத்துப்பிழையும் ஏமாற்றும் வேறு வேறாக நடத்தப்பட வேண்டும். இரண்டு நாற்காலிகள் கொண்ட சிறு நிலையத்துக்கும் நூறு படுக்கை மருத்துவமனைக்கும் விடையளிக்க ஒரே கால அளவு தருவது பொருந்தாது. முறையீடு செய்யும் வாயில் திறந்திருக்க வேண்டும்.

எனினும் தாமதமாகும் தொகையைக் கூடுதலாகக் கோரி ஈடுகட்டலாம் என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வருகிறது? ஒரு குடும்பத்தின் ஆண்டு வரம்பிலிருந்து கழிகிறது. ஒரு தொழிலாளியின் சந்தாவிலிருந்து கழிகிறது. நாளை அக்குடும்பத்தில் உண்மையான நோய் வரும்போது, வரம்பு முடிந்துவிட்டது என்ற விடையே கிடைக்கும்.

நோயாளிகளான வாடிக்கையாளர்களுக்கும்

இதழைப் படிப்போருள் மருத்துவரைவிட நோயாளிகளே மிகுதி. உங்கள் பங்கும் இதில் உண்டு. வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். எந்தப் பல்லுக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தால், தொகையையும் சிகிச்சையையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். அட்டையைப் பிறர் பயன்படுத்த ஒருபோதும் தராதீர்கள்.

சிற்றூரில் ஒரு பல் மருத்துவமனை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டால், இழப்பு அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை. பல்வலியோடு வரும் தொழிலாளி ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருப்பதிக்கோ நெல்லூருக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கும். பலர் ஏறாமல் வலிமாத்திரையோடு இருந்துவிடுவர். அடைக்கத்தக்க பல் பிடுங்கத்தக்க பல்லாகிவிடும். ஒழுங்காக எழுதப்படும் ஐந்து வரிக் குறிப்பு இவ்வளவையும் தடுக்க வல்லது. இன்று மாலை கடைசி நோயாளி எழுந்து சென்றபின், விளக்கை அணைக்குமுன், அந்த ஐந்து வரிகளை எழுதிவிட்டுச் செல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.